பேயின் வாக்குமூலம்: சடங்கு, பதிவுக்கருவி, நீதிமன்றம்

முன்னுரை

பேய்பிடித்தல் என்னும் நிகழ்வைப் பற்றி எழுதிய அனைவரும் ஒரு சிக்கலை எதிர்கொண்டுள்ளனர். பிடிக்கப்பட்டவர் பேசுகிறார், ஆனால் பேசுவது அவரல்லர் என்று சுற்றியிருப்போர் கருதுகின்றனர். அவ்வாறாயின் அந்தப் பேச்சு யாருடைய சான்று? அதனைக் கேட்டுப் பதிவு செய்பவர் உண்மையில் எதனைப் பதிவு செய்கிறார்? இவ்வினாக்கள் சமயம், மருத்துவம், சட்டம், கலை ஆகிய நான்கு துறைகளுக்கும் பொதுவானவை. கடந்த கால் நூற்றாண்டில் திரைப்படமும் இவற்றைத் தனக்குரிய முறையில் எழுப்பியுள்ளது. ஓர் ஒளிப்படக் கருவி பேயோட்டும் சடங்கின் நடுவே நிறுத்தப்பட்டு, அது கண்டதனைத்தும் அப்படியே காட்டப்படுவதாகப் பாவிக்கும் திகில் படங்கள் உலகெங்கும் வெளிவந்துள்ளன.

இக்கட்டுரை அத்தகைய படங்களின் சான்றுமுறையைத் தொடக்கமாகக் கொண்டு, அதன் பின்னணியில் உள்ள உண்மை வழக்கொன்றையும், சங்க அகப்பாடல்களின் வெறியாட்டையும், தில்லி நகரிலும் அதன் மக்கள் நாடிச்செல்லும் தலங்களிலும் காணப்படும் முறையீட்டு வழக்கங்களையும், 2001இல் ஏர்வாடியில் நிகழ்ந்த தீ விபத்தினையொட்டித் தில்லியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையையும் ஒருசேர வைத்து நோக்குகின்றது. பேயோட்டும் சடங்கு என்பது அடிப்படையில் ஒரு விசாரணை. விசாரணையில் கேட்பவர் யார், பதிவு செய்பவர் யார் என்பதைப் பொறுத்தே பாதிக்கப்பட்டவரின் குரல் நிலைக்கிறது அல்லது அழிகிறது என்பது இதன் கருதுகோள்.

கண்டெடுக்கப்பட்ட பதிவு என்னும் உத்தி

‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ எனத் திரைத்துறையினர் வழங்கும் உத்தியைக் ‘கண்டெடுக்கப்பட்ட காட்சிப்பதிவு’ எனத் தமிழில் கூறலாம். படம்பிடித்தவர் இறந்துவிட்டார் அல்லது காணாமற்போனார். அவர் விட்டுச்சென்ற பதிவு மட்டும் கிடைத்தது. அதுவே இங்குத் திரையிடப்படுகிறது என்பது அதன் பாவனை. இதன் வேர் இலக்கியத்திலேயே உள்ளது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ புதினம் நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், நாளிதழ்ச் செய்திகள் ஆகியவற்றின் தொகுப்பாகவே அமைந்தது. அதில் வரும் மருத்துவர் தம் நாட்குறிப்பை அந்நாளில் புதுமையான ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிகிறார். எனினும் நூலின் இறுதியில், தம்மிடம் எஞ்சியவை தட்டச்சுப் படிகளே, மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது அரிது என்ற குறிப்பு இடம்பெறுகிறது. சான்றுகளைக் குவித்துவிட்டு அச்சான்றுகளையே ஐயத்திற்கு உள்ளாக்கும் இப்போக்கு பிற்காலத் திரைப்படங்களிலும் தொடர்கிறது.

1980இல் இத்தாலிய இயக்குநர் ருஜெரோ தியோதாத்தோ எடுத்த ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் நடித்தவர்கள் உண்மையாகவே கொல்லப்பட்டனர் என்ற ஐயம் எழுந்தமையால், அவர்கள் உயிருடன் இருப்பதை இயக்குநர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. 1999இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டுப் பெரும் வசூல் ஈட்டியதால் இவ்வுத்தி பரவலாயிற்று.

பேயோட்டுதலை இவ்வுத்தியில் கையாண்ட படங்களுள் டேனியல் ஸ்டாம் இயக்கிய ‘தி லாஸ்ட் எக்சார்சிசம்’ (2010) குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கிறித்தவ ஊழியர் ஒருவர் பேயோட்டுவதில் புகழ்பெற்றவர். ஆயின் அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. பேயோட்டும் சடங்கில் குழந்தையொன்று இறந்த செய்தி அவரை உறுத்துகிறது. தம் தொழிலின் பொய்ம்மையை வெளிப்படுத்த வேண்டி ஆவணப்படக் குழுவினரை உடனழைத்துச் செல்கிறார். புகைவிடும் சிலுவை, மறைத்துவைத்த ஒலிக்கருவி முதலிய தம் தந்திரங்களை அவரே படக்கருவிக்கு விளக்குகிறார். எனினும் அவர் காணச் சென்ற இளம்பெண்ணுக்கு நேர்ந்திருப்பது நோயா, வன்கொடுமையா, பேயா என்பது படத்தின் பெரும்பகுதியில் தெளிவாவதில்லை. படக்கருவி எல்லாவற்றையும் காண்கிறது, எதனையும் தீர்ப்பதில்லை. இப்பெண்ணிடம் அனைவரும் வினவுகின்றனர். அவள் தன் சொல்லில் தன் கதையைக் கூறும் வாய்ப்போ மிகக் குறைவு.

ஒலிநாடாவும் நீதிமன்றமும்

இத்தகைய படங்களுக்குப் பின்னால் உண்மை வழக்கொன்று உண்டு. செருமனியின் பவேரியா மாநிலத்தைச் சேர்ந்த அன்னலீசே மிகேல் 1952இல் பிறந்தவர். ஆழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர். பள்ளிப் பருவத்திலேயே வலிப்பு தோன்ற, மருத்துவர்கள் அதனைக் கால்-கை வலிப்பு நோய் எனக் கண்டு மருந்தளித்தனர். பின்னர் அச்சமூட்டும் முகங்கள் தெரிவதாகவும் குரல்கள் கேட்பதாகவும் அவர் கூறலானார். 1975ஆம் ஆண்டில் வூர்ட்ஸ்பர்க் ஆயர் இசைவளிக்க, இரு குருமார் பேயோட்டும் சடங்கைத் தொடங்கினர். ஏறத்தாழ பத்துத் திங்களில் 67 முறை அச்சடங்கு நிகழ்ந்தது. 1976 சூலை 1ஆம் நாள் அவர் உணவும் நீரும் இன்றி மெலிந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 23.

சடங்குகளில் பல ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டிருந்தன. 1978இல் அசாஃபன்பர்க் நகரில் வழக்கு நடந்தபோது, அந்நாடாக்கள் எதிர்த்தரப்பினரால் நீதிமன்றத்தில் இசைக்கப்பட்டன. பேசியவை பேய்களே என்பதற்கு அவை சான்று என்பது அவர்தம் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பெற்றோரும் குருமார் இருவரும் கவனக்குறைவால் இறப்பு நேரக் காரணமானவர்கள் எனத் தீர்ப்பளித்து, ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. மானிடவியலாளர் ஃபெலிசிட்டாஸ் குட்மன் அதே பதிவுகளை ஆராய்ந்து 1981இல் எழுதிய நூலில், அவருடைய சமய அனுபவத்தை நோயாக மட்டும் கருதியதும் மருந்துகளும் அவருக்குத் தீங்கிழைத்தன எனக் கருதினார். ஒரே நாடா ஒருவருக்குப் பேயின் குரல். மற்றொருவருக்கு நோயின் குரல். வேறொருவருக்கு ஒடுக்கப்பட்ட சமய அனுபவத்தின் குரல். இவ்வழக்கைத் தழுவி 2005இல் ‘தி எக்சார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்’ என்னும் அமெரிக்கப் படமும், 2006இல் ‘ரெக்வியம்’ என்னும் செருமானியப் படமும் வந்தன. முன்னது நீதிமன்றத்தில் நிகழ்வது. பின்னது பேயைக் காட்டாமல் அப்பெண்ணின் துயரத்தை மட்டும் காட்டுவது.

பதிவு என்பது தானே பேசும் சான்று அன்று. அதனைப் படிப்பவரின் கோட்பாட்டினாலேயே அது பொருள்பெறுகிறது என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

வெறியாட்டு: பிழையான விசாரணையின் இலக்கியம்

மேற்கண்ட சிக்கலைத் தமிழ் அகமரபு மிகப் பழங்காலத்திலேயே கவிதைப் பொருளாக்கியுள்ளது. களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி பசக்கிறது, வளை நெகிழ்கிறது, உணவும் உறக்கமும் குறைகின்றன. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைத்து நெற்குறி காண்கிறாள். வேலனைக் கொண்டு கழங்கு பார்க்கிறாள். இது முருகு அணங்கியதால் வந்த நோய் எனக் கூறப்படுகிறது. வீட்டு முற்றத்தில் களம் இழைத்து, மறியறுத்து, தினையொடு குருதி கலந்து தூவி, வேலன் வெறியாடுகிறான்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். வெறியாட்டில் தெய்வம் ஏறி ஆடுவது வேலன்மீதே. தலைவிமீது உளதாகக் கருதப்படுவது அணங்கின் வருத்தம். பிற்காலப் பேயோட்டுச் சடங்கில் பாதிக்கப்பட்டவரே ஆடுகிறார். அவர் வாய்வழியே பேய் பேசுகிறது. எனவே வெறியாட்டும் பேயோட்டும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு பெண்ணுடலின் மாற்றத்திற்குக் காரணம் தேடும் விசாரணை என்ற நிலையில் இரண்டும் ஒப்புநோக்கத் தக்கன.

சங்கப் புலவர்கள் இந்த விசாரணையை எங்கிருந்து காண்கின்றனர் என்பதே முதன்மையானது. ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் ‘வெறிப்பத்து’ என ஒரு பத்தையே பாடியுள்ளார். நோயின் உண்மைக் காரணம் தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், பாடலைக் கேட்பவருக்கும் தெரியும். தாய்க்கும் வேலனுக்கும் மட்டும் தெரியாது. குறுந்தொகை 362ஆம் பாடலில் தோழி வேலனை நேரே வினவுகிறாள்: இந்நோயைத் தந்தது மலைநாடனின் மார்பாயிற்றே, நீ இடும் பலியை அம்மார்பும் உண்ணுமோ என்பது அவள் வினாவின் கருத்து. நற்றிணை 34ஆம் பாடலில் முருகனையே முன்னிலைப்படுத்தி, தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த நீ அறியாமையுடையாய் எனத் தோழி இடித்துரைக்கிறாள். விசாரணையின் நடுவர் தெய்வமேயாயினும் பிழையான விசாரணை பிழையானதே என்ற துணிவு இங்கு வெளிப்படுகிறது.

இவற்றினும் சிறந்த சான்று அகநானூறு 22ஆம் பாடல். இதனைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியாட்டைப் பாடியமையாலேயே அப்பெயர் பெற்ற பெண்பாற் புலவர். வெறியாடிய இரவில் தலைவன் காவலைக் கடந்து வந்து கூடியதால் தன் நோய் நீங்கியதையும், அதனை வேலன் தன் வெற்றியாகக் கொள்ளும் நிலையை எண்ணித் தான் நகைத்ததையும் தலைவியே கூறுகிறாள். நோயாளியாகக் கருதப்பட்டவள் தன் விசாரணையைப் பற்றித் தானே பின்னர்ச் சாட்சி சொல்லும் அரிய அமைப்பு இது. பிழையாக விசாரிக்கப்பட்டவளின் கூற்றே இங்கு நிலைபெற்ற ஆவணமாகிறது. ‘தி லாஸ்ட் எக்சார்சிசம்’ படத்தின் பெண்ணுக்கும், ஒலிநாடாவில் குரலாக மட்டும் எஞ்சிய அன்னலீசேக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

தில்லி: அர்ஜி, பேஷி, பயான்

தில்லி நகரின் வழிபாட்டு வாழ்விலும் இந்த விசாரணைத் தன்மை வெளிப்படையாகக் காணப்படுகிறது. பிரோசு ஷா துக்ளக் 1354இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் இடிபாடுகள் இன்று பிரோசு ஷா கோட்லா என வழங்கப்படுகின்றன. தோப்ராவிலிருந்து கொணர்ந்து அங்கு நிறுவப்பட்ட அசோகன் தூணின் எழுத்துகளைப் பிரோசு ஷாவின் காலத்தில் எவராலும் படிக்க இயலவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப்பே அவற்றைப் படித்தறிந்தார். அத்தூணிலும் அதன் அருகிலுள்ள பள்ளிவாசலின் நிலவறைகளிலும் ஜின்கள் உறைவதாக மக்கள் நம்புகின்றனர். வியாழக்கிழமைதோறும் சமய வேறுபாடின்றி மக்கள் அங்குக் கூடுகின்றனர்.

ஜின்களுக்கு அவர்கள் எழுதும் கடிதங்கள் குறிப்பிடத்தக்கவை. பெயர், முகவரி, ஒளிப்படம் ஆகியவற்றுடன், அரசு அலுவலகத்திற்கு எழுதும் மனுவின் வடிவிலேயே பல கடிதங்கள் அமைகின்றன. ஒரே கடிதத்தைப் பல படிகள் எடுத்து வெவ்வேறு மாடங்களில் வைப்பதும் உண்டு. இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆனந்த் விவேக் தனேஜா, இது பெருகத் தொடங்கியது 1977ஆம் ஆண்டில், நெருக்கடி நிலை முடிவுற்ற சில மாதங்களில் எனக் காட்டுகிறார். நெருக்கடி நிலைக் காலத்தில் பழந்தில்லியின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு மக்கள் இடம்பெயர்க்கப்பட்டமை நினைவுகூரத்தக்கது. மண்ணுலக அலுவலகம் செவிசாய்க்காத நிலையில் மனு வேறோர் அவைக்குச் சென்றது எனலாம்.

தில்லி மக்கள் பெருமளவில் சென்றுவரும் இராசத்தான் மாநில மேகந்திப்பூர் பாலாஜி கோயிலில் இத்தன்மை மேலும் தெளிவாகின்றது. அனுமன், பைரவர், பிரேதராஜா ஆகிய மூவரும் அங்கு வழிபடப்படுகின்றனர். பேய்பிடித்தவராகக் கருதப்படுவோர் முதலில் ‘அர்ஜி’ அளிக்கின்றனர். பின்னர் ‘பேஷி’ நிகழ்கிறது. அதாவது பேய் தெய்வத்தின் முன் தோன்றுகிறது. அதன்பின் பேய் ‘பயான்’ அளிக்கிறது. தான் யார், ஏன் வந்தது எனக் கூறுகிறது. இவை மூன்றும் வட இந்திய நீதிமன்றங்களில் அன்றாடம் வழங்கும் சொற்கள். உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் 1982இல் வெளியிட்ட நூலில், தில்லியின் தர்கா ஒன்றில் குணமளித்த பீர் ஒருவரையும் இக்கோயிலையும் ஒருங்கே ஆராய்ந்தார். வீட்டில் வெளிப்படுத்த இயலாத சினமும் விருப்பமும் பேஷியில் பேயின் பெயரால் வெளிப்பட இடம் கிடைக்கிறது என்பதை அவருடைய ஆய்வு உணர்த்துகிறது. வட இந்திய தர்காக்களில் இந்நிலை ‘ஹாஜிரி’ எனப்படும். தமிழ் நீதிமன்ற வழக்கில் உள்ள ‘ஆஜர்’ என்னும் சொல்லும் இதே அரபு வேரினின்று வந்ததாகும்.

இது வடபுலத்திற்கு மட்டும் உரியதன்று. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் ‘பிராது கட்டுதல்’ என்னும் வழக்கம் உள்ளது. குறையுடையோர் அதனைத் தாளில் எழுதி முனியப்பர் சந்நிதியில் கட்டுவர். குறை தீர்ந்தபின் ‘ராஜினாமா’ எழுதி அதனைத் திரும்பப் பெறுவர். பிராது என்பது பாரசீகத்தின் ‘ஃபரியாத்’ என்பதன் தமிழ் வடிவம். கோட்லாவின் கடிதமும் கொளஞ்சியப்பரின் பிராதும் ஒரே நிர்வாக வரலாற்றின் இரு கிளைகள். முகலாய, ஆங்கிலேய ஆட்சிகளின் மனுமுறை மக்களின் நம்பிக்கை உலகிலும் ஊடுருவியுள்ளது. அங்கு மனுவை எழுதுபவர் பாதிக்கப்பட்டவரே. தம் குறையைத் தம் பெயரில், தம் சொல்லில் எழுதுகிறார். பேயோட்டும் சடங்கிற்கும் இதற்கும் உள்ள முதன்மை வேறுபாடு இதுவே.

கேட்பவரின் அதிகாரம்

தமிழ்நாட்டுப் பேயோட்டுச் சடங்கில் பூசாரியோ கோடாங்கியோ பேயிடம் அதன் பெயர், ஊர், இறந்த முறை, பிடித்த இடம் ஆகியவற்றை வினவுகிறார். உடுக்கை ஒலி விடாது தொடர்கிறது. விடை வரும்வரை விசாரணை நீள்கிறது. ஒப்புக்கொண்ட பின் உச்சி மயிரில் ஒரு கற்றை முடிச்சிடப்பட்டு அறுக்கப்பட்டு, புளியமரம் போன்றதொரு மரத்தில் ஆணியால் அறையப்படுகிறது. தென்னார்க்காட்டுப் பகுதியில் களஆய்வு செய்து 2000ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட இசபெல் நபோகோவ், பெண்களைப் பிடிப்பனவாகக் கூறப்படும் பேய்களுள் பல அகால மரணமடைந்த இளைஞர்களுடையவை எனக் காட்டினார். மேலும், பெண்ணின் தெளிவற்ற துயரத்திற்கு ‘இது இன்னாருடைய பேய்’ என்ற அடையாளத்தைச் சடங்கே வழங்குகிறது. அவள் அதனை ஏற்றுப் பேசும்வரை வற்புறுத்துகிறது என்பது அவர் முடிவு. ஆகவே அங்குக் கிடைக்கும் வாக்குமூலம், ஏற்கனவே உள்ள ஒன்று வெளிப்படுவதன்று, கேள்விகளால் உருவாக்கப்படுவது.

கக்கரின் பார்வையில் சடங்கு ஒரு விடுதலை. நபோகோவின் பார்வையில் அது ஒரு கட்டாயம். இரண்டும் களத்தில் கண்ட உண்மைகளே. இரண்டிலும் பேசுவோரின் கூற்றைவிடக் கேட்போரின் இடம் பெரிதாக உள்ளமை கருதத்தக்கது. பதிவு செய்பவரும் கேட்பவரே. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சான்றோர் பற்றி எழுதிய நூலில் பேயாட்டத்தை விரிவாக விளக்கினார். அவ்விளக்கம் நாட்டார் வழக்காற்றியலுக்குப் பயனுடைய பதிவு. ஆயின் ஆடியவரின் சொல் அதில் இல்லை. கண்டவரின் தீர்ப்பே உள்ளது. அந்நூல் அச்சமூகத்தாரிடையே பின்னர்க் கடும் எதிர்ப்பை எழுப்பியது.

இந்தியத் திரைப்படங்களும் இச்சிக்கலைத் தம் வழியில் கையாண்டுள்ளன. 1993இல் பாசில் இயக்கிய மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’, அதன் வழிவந்து 2005இல் பி. வாசு இயக்கிய தமிழ்ப்படம் ‘சந்திரமுகி’ ஆகியவற்றில் உளமருத்துவர் நோயைக் கண்டறிகிறார். ஆனால் அதனைத் தீர்க்கப் பேயோட்டும் சடங்கின் அரங்கையே பயன்படுத்துகிறார். மருத்துவமும் மந்திரமும் ஒரே மேடையில் உடன்படுகின்றன. நோயுற்ற பெண்ணுக்கோ தனக்கு நிகழ்ந்தது பற்றி ஏதும் நினைவில் இல்லை. கண்டெடுக்கப்பட்ட பதிவின் பாணியைத் தழுவிய இந்திப் படமான ‘ராகினி எம்எம்எஸ்’ (2011) வேறொரு திசையைக் காட்டுகிறது. வீடெங்கும் மறைத்துவைக்கப்பட்ட படக்கருவிகள் ஒரு பெண்ணை அவள் அறியாமலே பதிவு செய்யும் பொருட்டு அமைக்கப்பட்டவை. அங்குப் பேயாக வரும் பெண் தான் சூனியக்காரி அல்லள் என்று மராத்தியில் கூறுகிறாள். இங்கு அச்சத்தின் ஊற்றுக்கண் பேய் மட்டுமன்று. இசைவின்றிப் பதிவு செய்யும் கருவியும் ஆகும்.

ஏர்வாடியும் தில்லியும்

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலுள்ள சுல்தான் சையது இப்ராகீம் சகீது தர்கா, உளநோய் தீர்க்கும் தலமாகத் தமிழகம், கேரளம் முதலிய பகுதி மக்களால் நாடப்படுவது. கனவில் கட்டளை கிடைக்கும்வரை அங்குத் தங்கியிருப்பது வழக்கம். தங்குவோர் பெருகவே தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றில் 2001 ஆகத்து 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். தமிழக அரசு ஏர்வாடியின் இத்தகைய காப்பகங்களை உடனே மூடி, அங்கிருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது. நிகழ்வை ஆராய இராமதாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது.

தில்லியில் உச்ச நீதிமன்றம் எவருடைய மனுவிற்கும் காத்திராமல் தானே முன்வந்து இதனை வழக்காக ஏற்றது. இறந்தோர் எவரும் அர்ஜி எழுதவில்லை. எழுதும் நிலையிலும் இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. 2002 பிப்ரவரி 5ஆம் நாளைய ஆணையில், பதிவு பெற்றனவும் பெறாதனவுமான உளநலக் காப்பகங்கள் அனைத்தையும் ஒவ்வொரு மாநிலமும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும், மாநிலந்தோறும் குறைந்தது ஓர் அரசு உளநல மருத்துவமனை இருத்தல் வேண்டும், உளநோயாளரைச் சங்கிலியிடுதல் சட்டத்திற்கு மாறானது என்பதையும் அவர்களைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும் என்பதையும் மக்களிடையே பரப்ப வேண்டும் என நீதிமன்றம் கூறியது.

அதே 2002ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் வெளியான பெங்களூரு ஆய்வாளர்களின் ஆய்வு, இவ்வினாவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய கடும் உளநோயாளர் 31 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அங்குத் தனிப்பட்ட பேயோட்டுச் சடங்கு ஏதும் இல்லை. நோயாளர் தம் குடும்பத்தாருடன் சராசரியாக ஆறு வாரம் தங்கிக் கோயிலின் எளிய பணிகளில் ஈடுபட்டனர். அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சங்கிலியும் வன்முறையும் இல்லாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதினர். மருந்திற்கு இது மாற்று என்று இதனைக் கொள்ளலாகாது. 31 பேரைப் பற்றிய சிறிய ஆய்வே இது. ஆயினும் ஏர்வாடியில் உயிர்களைக் கொன்றது நம்பிக்கை என்று மட்டும் கூறிவிட்டு, சங்கிலியையும் மருத்துவமனைப் பற்றாக்குறையையும் மறந்துவிட இயலாது என்பதை இது உணர்த்துகிறது. மாநிலத்திற்கு ஒரு மருத்துவமனையேனும் வேண்டும் என நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் 2002இல் ஆணையிட நேர்ந்ததே அப்பற்றாக்குறைக்குச் சான்று.

2017ஆம் ஆண்டின் உளநலப் பராமரிப்புச் சட்டம் தன் 95ஆம் பிரிவில் எவ்வகையாகவும் சங்கிலியிடுதலைத் தடைசெய்தது. எனினும் 2019 சனவரியில், உத்தரப்பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்துச் சமயச்சார்புக் காப்பகமொன்றில் நோயாளர் சங்கிலியிடப்பட்டிருந்த செய்தி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒளிப்படங்களும் உடன் வைக்கப்பட்டன. அச்செயல் வாழ்வுரிமைக்கு மாறானது என நீதிமன்றம் கூறியது. ஏர்வாடியில் இறந்தோரின் நிலைக்கு அவர்களைப் பிணித்த சங்கிலிகளே எஞ்சிய சான்றாயின. பதாயூனில் உயிருடன் இருப்போரின் ஒளிப்படம் நீதிமன்றத்தை எட்டியது. திகில் படத்தில் பதிவு செய்தவர் இறந்தபின் பதிவு கிடைக்கிறது. வாழ்வில் பதிவு காலத்தோடு கிடைத்தால் உயிர் காக்கப்படலாம்.

தொகுப்புரை

மேற்கண்ட செய்திகளால் பின்வருவன பெறப்படுகின்றன. பேயோட்டும் சடங்கு சமயச் செயல் மட்டுமன்று. வாக்குமூலம் பெறும் விசாரணையும் ஆகும். தில்லியைச் சூழ்ந்த தலங்களில் வழங்கும் அர்ஜி, பேஷி, பயான், ஹாஜிரி என்னும் சொற்களும், தமிழகத்தின் பிராது, ராஜினாமா என்னும் சொற்களும் இதற்கு மொழிச் சான்றுகள். விசாரணையின் பதிவு, அது கழங்காயினும் ஒலிநாடாவாயினும் படச்சுருளாயினும், தானே உண்மையாகிவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் தம் சொல்லில் பின்னர்க் கூறும் வாய்ப்பு இருக்கும்போதே அது நிறைவு பெறுகிறது. அவ்வாய்ப்பை அகநானூற்றுத் தலைவிக்கு ஒரு பெண்பாற் புலவர் வழங்கியுள்ளார்.

இதன் பயன் இலக்கிய ஒப்பாய்வோடு நின்றுவிடலாகாது. தமிழ்த்துறைகளின் நாட்டார் வழக்காற்றுக் களஆய்வுகளில் பேயோட்டுச் சடங்குகள் நெடுங்காலமாக ஒலிநாடாவிலும், பின்னர்க் காணொளியிலும், இன்று கைப்பேசியிலும் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. அவற்றுள் பூசாரியின் பாடலும் உடுக்கை அடியும் இடம்பெறும் அளவுக்குப் பாதிக்கப்பட்ட பெண்ணின் பிற்காலக் கூற்று இடம்பெறுவதில்லை. உளநல மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் ஒளிப்படத்தையும் செய்தியையும் அவர் இசைவின்றி ஊடகத்தில் வெளியிடலாகாது என 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. கோயில் முற்றத்தில் ஆடுபவருக்கு இப்பிரிவு நேரடியாகப் பொருந்தாது. சட்டம் எட்டாத இடத்தில் ஆய்வறம் அதனை நிறைவு செய்தல் வேண்டும். சடங்கு முடிந்து தெளிந்தபின் அவரிடம் இசைவு பெறுதலும், நிகழ்ந்ததை அவர் எவ்வாறு உணர்கிறார் எனக் கேட்டுப் பதிதலும், உடல்நலம் குன்றியவராயின் மருத்துவ உதவிக்கு வழிகாட்டுதலும் களஆய்வின் இன்றியமையாக் கூறுகளாக ஏற்கப்பட வேண்டும். ஏற்கனவே துறைகளின் சேமிப்பில் உள்ள பதிவுகளையும் இந்நோக்கில் மீண்டும் கேட்டு, எவருடைய குரல் அவற்றில் விடுபட்டுள்ளது எனக் கணக்கிடுதல் அடுத்து வரும் ஆய்வாளர்க்குரிய பணியாகும்.